குடித்தனம் எங்கே மலிவு

பிரோத்
பிப்ரவரி 19

அன்புள்ள ராதென்கோவுக்கு,

நீ நல்லபடியாக ட்ரியெஸ்ட் போய்ச் சேர்ந்ததை பஸ் டிரைவர் பிளாகோயே வந்து சொன்னார். ஏறியதிலிருந்து இறங்குகிறவரை ஒரே தூக்கமாம். எல்லையில் உன் பாஸ்போர்ட்டை அவரே உன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாராம். "என்ன குறட்ட, என்ன குறட்ட! பின் சீட்ல இருந்த கன்னியாஸ்திரி எந்திரிச்சு முன்னாடி வந்துட்டாங்கம்மா" என்றார். நம் மானம் இத்தாலி வரைக்கும் போய்விட்டது, சந்தோஷம்.

நானும் நெவெனாவும் நலம். பனி உருகி வாசலெல்லாம் சேறு. பால் பண்ணையில் எனக்குப் பழையபடி சீஸ் வெட்டிப் பொட்டலம் கட்டும் வேலைதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பொறுமை இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ கிளம்புவதற்கு முன்னால் சமையலறையில் பேசி முடித்ததை மறந்திருக்க மாட்டாய். ஆறு வருஷமாக நீ அங்கே கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறாய், நான் இங்கே. நெவெனா ஜூனில் எட்டாம் வகுப்பை முடிக்கிறாள். அடுத்து எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்கிறாளோ அந்த ஊரில்தான் இனி மூன்று பேரும். அப்படி இல்லையென்றால் நான் சொன்னது சொன்னதுதான்: இன்னொரு குளிர்காலம் போனில் குடும்பம் நடத்த என்னால் ஆகாது, பேசாமல் பிரிந்துவிடலாம். இதைச் சொன்னபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ போன பிறகு நான் நன்றாக அழுதேன். இப்போது அழுகையெல்லாம் போய், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி ஒரே பரபரப்பாக இருக்கிறது!

விதிகளை மறுபடி எழுதுகிறேன், பிறகு தெரியாது என்று சொல்லக்கூடாது. மார்ச் மாதம் முழுக்க நீ அங்கே ஆகிற செலவை எழுது, நான் இங்கே ஆகிறதை எழுதுகிறேன். உப்பு, சோப்பு, ஷூ லேஸ் வரை. ஒரு யூரோவுக்கு நூற்றிருபது தினார் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊரில் குடித்தனம் மலிவோ அதுதான் நம் ஊர், தோற்றவர் முனகாமல் மூட்டை கட்ட வேண்டும். இதைப் பற்றி போனில் மூச்சு விடக்கூடாது. போனில் பேசினால் நீ எண்களை இருமலோடு சேர்த்து விழுங்கிவிடுவாய், நானும் கத்துவேன். எல்லாம் கடிதத்தில். பிளாகோயே கொண்டுவந்து தருவார், தபால்தலைச் செலவும் இல்லை.

நம் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற மிலுதினையே இதற்கும் சாட்சியாக வைத்தேன். அவன் சொன்னதைக் கேள்: "கஞ்சத்தனத்துக்கே பேர்போன பிரோத்துக்காரங்க ரெண்டு பேரு, யாரு கம்மியா செலவழிக்கிறதுன்னு போட்டி போடுறீங்களா? இதப் பாக்க நான் டிக்கெட் எடுத்துக்கூட வருவேன். ஓசின்னா கட்டாயம் வருவேன்."

இத்துடன் நான் மிளகாய் வாட்டி அரைத்த ஐவார் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். மிளகாய் நல்ல சிவப்பு, காரம் குறைவு. அதற்கும் சந்தை விலை போட்டு உன் கணக்கில் எழுத வேண்டும்.

உன் அன்பு
யாகொதா


ட்ரியெஸ்ட்
மார்ச் 16

என் யாகொதாவுக்கு,

கடிதம் வந்தது, ஜாடி வந்தது, ஜாடியில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. இந்த ஊர்க் கடையில் இப்படி ஒரு ஜாடி ஏழு யூரோ. நான் இரண்டு என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் ஜாடியைத் திருப்பி அனுப்புகிறேன், காலியாக.

அடியே, இந்தப் போட்டி என்னைப் பத்து வயது இளையவனாக்கிவிட்டது! காலையில் எழுந்திருக்கும்போதே இன்றைக்கு எதைச் செலவு செய்யாமல் இருக்கலாம் என்று உற்சாகமாக இருக்கிறது. கேள். போரா காற்று நாலு நாளாக ஊரைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது. துறைமுகத்தில் குப்பைத் தொட்டிகள் தெருவில் தாமே நடந்து போகின்றன. எல்லோரும் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போடவில்லை! வீட்டுக்குள் கோட்டு போட்டுக்கொள்வது எந்தச் சட்டத்தில் தப்பு? சனிக்கிழமை சந்தை மூடுகிற நேரம் பார்த்துப் போனால் காய்கறி பாதி விலை. கோஸ், காலிஃபிளவர், லேசாக அடிபட்ட ஆப்பிள். அடிபட்ட பக்கத்தை வெட்டினால் அதுவும் ஆப்பிள்தான்.

முடி வெட்ட இங்கே பதினெட்டு யூரோ கேட்கிறார்கள். என்னோடு வேலை செய்கிற போஸ்னியாக்காரன் ஹாய்ருதீன் வெட்டிவிட்டான். "அசையாத, அசையாத, காது உனக்கு ரெண்டும் வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினான். இரண்டும் தப்பித்தன. செலவு பூஜ்ஜியம். நேற்று மேஸ்திரி காபி வாங்கிக் கொடுத்தார், அதுவும் பூஜ்ஜியம்.

பாதி மாதக் கணக்கு, வாடகையில் பாதியையும் சேர்த்து, நூற்றுத் தொண்ணூறு யூரோ. எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ட்ரியெஸ்ட் மாதிரி ஒரு கடற்கரை நகரத்தில் ஒரு மனுஷன் இவ்வளவில் வாழ்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. நீ தோற்கத் தயாராக இரு.

நெவெனா படிக்க ஏற்ற பள்ளிக்கூடம் ஒன்றை வெளியிலிருந்து பார்த்தேன். மேட்டில் இருக்கிறது. மாடியில் நின்றால் கடல் தெரியும் என்று வாட்ச்மேன் சொன்னான். அவளிடம் இதை இப்போதே சொல்லாதே, உன் கட்சிக்காரியாகவே இருக்கட்டும், பாவம்.

உன்
ராதென்கோ


பிரோத்
ஏப்ரல் 2

அன்புள்ள ராதென்கோவுக்கு,

உட்கார்ந்துகொள். உட்கார்ந்துவிட்டாயா? மார்ச் மாதம் முழுவதும், இரண்டு பேருக்கு, முப்பத்தோராயிரம் தினார். உன் பணத்தில் இருநூற்று ஐம்பத்தெட்டு யூரோ! மிலுதின் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். "அம்மா தாயே, நீ நிதி அமைச்சரா போயிடு" என்று எழுந்து நின்று கும்பிட்டான்.

வீட்டு வாடகை கிடையாது, சொந்த வீடு. கரண்டுக்கும் தண்ணீருக்கும் நாலாயிரத்து எண்ணூறு. ரொட்டியை வாரத்தில் மூன்று நாள் நானே சுட்டேன். பால், தயிர் பண்ணையில் எங்களுக்குச் சலுகை விலை. இறைச்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும், மற்ற நாளில் வெள்ளை பீன்ஸ் சூப். நெவெனா நேற்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீங்க ரெண்டு பேரும் போட்டி போடுறீங்க, பட்டினி மட்டும் எனக்கா?" என்றாள். வாய் நீளம், உன்னைப் போல.

காபியில் மட்டும் என்னால் கை வைக்க முடியவில்லை. ஒன்றரைக் கிலோ! என்ன செய்வது? காலையில் தோப்ரிலா அக்கா வருகிறாள், பத்து நிமிஷம் என்று சொல்லி ஒரு மணி நேரம் இருக்கிறாள். வேலை முடிந்து வந்தால் எதிர்வீட்டுக்காரி. உன் தம்பி விறகு இறக்கிவிட்டுப் போகும்போது ஒரு கப், மிலுதின் காரணமே இல்லாமல் வந்து ஒரு கப். வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் போட்டியில் ஜெயித்தால் எனக்கு இந்த ஊரில் மதிப்பு இருக்குமா? அதையும் சேர்த்துத்தான் முப்பத்தோராயிரம்.

ஆக, பிரோத்தான் மலிவு. மிலுதினின் ஜன்னல் பட்டறையில் உனக்கு ஓர் இடம் வைத்திருப்பதாகச் சொல்கிறான், சம்பளம் அங்கே வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் தினமும் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். ராதென்கோ, நான் உன் சட்டைகளைத் தொங்கவிட அலமாரியில் பாதியை ஒழித்துவிட்டேன். இவ்வளவு அவசரப்படக்கூடாது என்று தெரிகிறது, ஆனாலும் ஒழித்துவிட்டேன்.

உன் முழுக் கணக்கை அனுப்பு. முனகாமல் மூட்டையையும் கட்டு.

உன் அன்பு
யாகொதா


ட்ரியெஸ்ட்
ஏப்ரல் 9

என் யாகொதாவுக்கு,

நிதி அமைச்சர் அவர்களே, கொஞ்சம் பொறுங்கள்!

முதலில் என் கணக்கு. ரூம் வாடகை இருநூற்றுப் பத்து, சாப்பாடு நூற்று நாலு, விளக்கும் கேஸும் முப்பத்தொன்று, போன் பத்து, சோப்பு வகையறா பன்னிரண்டு, சிகரெட் இருபத்திரண்டு. மொத்தம் முந்நூற்று எண்பத்தொன்பது. கடை ரசீதுச் சீட்டுகளை எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே பார்.

உன் கணக்கைப் படித்ததும் என் மனசு விழுந்துவிட்டது, நிஜம். பிறகு இரண்டாவது தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தேன்! யாகொதா, விறகு எங்கே? குளிர்காலம் முழுக்க எரித்த விறகு வானத்திலிருந்தா விழுந்தது? போன ஜூனில் வாங்கியது என்பதால் மார்ச்சில் செலவில்லை என்று ஆகிவிடுமா? மாதத்துக்கு முப்பது யூரோ போடு. இலையுதிர் காலத்தில் மூட்டை மூட்டையாக மிளகாய் வாட்டி, ஊறுகாய் போட்டு, ஜாம் கிளறி நிலவறையில் அடுக்குகிறாயே, அதிலிருந்துதான் மார்ச் முழுக்கச் சாப்பிட்டாய். நாற்பது. கல்யாணம், ஞானஸ்நானம், வீடு குடிபோகிற விசேஷம் என்று உறைகளில் வைத்துக் கொடுப்பது சராசரி முப்பத்தைந்து. நெவெனாவின் ஷூவை பிப்ரவரி கடைசி நாளில் வாங்கியிருக்கிறாய், என் மகள் போனில் உளறிவிட்டாள். இருபத்திரண்டு. வெட்கமாக இல்லையா உனக்கு? எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியாக ஸ்லாவா. நம் வீட்டுப் புனிதர் நாளுக்கு யாரையும் அழைப்பதும் இல்லை, வருகிறவர்களைத் தடுப்பதும் இல்லை. போன டிசம்பரில் வீடு கொள்ளாமல் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதைச் செலவு என்று எழுத உனக்குக் கை வராது, தெரியும். எழுதும்போது நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். மாதத்துக்கு இருபத்தைந்து, புனித நிக்கோலா மன்னிக்கட்டும்.

எல்லாம் கூட்டினால் பிரோத் நானூற்றுப் பத்து! ட்ரியெஸ்ட் இருபத்தொரு யூரோ வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது! ஹாய்ருதீனைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். "யாருக்கு என்ன ஆச்சு? குழந்தையா?" என்றான்.

இங்கே நான் ஒருவன், அங்கே இரண்டு பேர் என்று நீ சொல்வாய். ரூம் என்பது ரூம்தான், ஒருவர் இருந்தாலும் மூன்று பேர் இருந்தாலும் சுவர் நாலுதானே? காகித வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். வாருங்கள், யாகொதா. சீக்கிரம் வாருங்கள்.

உன்
ராதென்கோ


பிரோத்
ஏப்ரல் 24

ராதென்கோ,

"ரூம் என்பது ரூம்தான்" என்று எழுதிய கைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஒரு அடியும் கொடுக்க வேண்டும் போல இருந்தது. சுவர் நாலு, சரி. வயிறு எத்தனை?

முதலில் சிரித்தேன். விறகையும் ஷூவையும் நீ கண்டுபிடித்ததைத் தோப்ரிலா அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "இப்பிடி ஒரு கஞ்சப் பிசினாறிக்கு இப்பிடி ஒரு பொண்டாட்டி, எந்தப் பஞ்சாங்கத்துல பொருத்தம் பாத்தாங்களோ" என்றாள். அப்புறம் உன் சீட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினேன், பழிக்குப் பழி வாங்கத்தான். எங்கேயாவது ஒரு சீட்டை ஒளித்திருப்பாய் என்று வரி வரியாகத் தேடினேன். கோஸ் இருந்தது, அரிசி இருந்தது, சிகரெட் இருந்தது. காபி நூறு கிராம், ஒரே ஒரு சீட்டு.

விட்டுப்போன சீட்டுகள் எங்கே என்று உன்னை மடக்க நினைத்தேன். அதற்குள் பிளாகோயே வந்தார். போன வாரம் பஸ் அங்கே பழுதாகி அரை நாள் நின்றுவிட்டதாம், அப்போது உன் ரூமுக்கு வந்தாராம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என்னப் பாத்ததும் உன் புருஷன் சின்னப் பையன் மாதிரி குதிச்சாம்மா. உக்காரு உக்காரு, காபி போடுறேன்னான். தண்ணி கொதிக்க வச்சிட்டு வெளிய போனான், ஆளக் காணோம். எட்டிப் பாத்தா, பக்கத்து ரூம் கதவத் தட்டி ஒரு கப் இரவல் கேட்டுட்டு நிக்கிறான். வீட்ல ஒரே ஒரு கப்புதான் இருக்கும்மா. அவங்க யாருன்னே அவனுக்குத் தெரியல, பேரு கேட்டேன், முழிக்கிறான்."

ராதென்கோ, காபி சீட்டு எதுவும் விட்டுப்போகவில்லை. நூறு கிராம்தான் செலவானது. ஆறு வருஷத்தில் உன் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

உன் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. போனில் ஒவ்வொரு ஞாயிறும் "நண்பர்களோட இருந்தேன், ஊரே சத்தமா இருந்தது" என்று அளந்துகொண்டிருந்தாயே, யார் அந்த நண்பர்கள்? போரா காற்றா? இப்படி ஒரு ஊரை மலிவு என்று எனக்கு விற்கப் பார்த்தாயே! பதில் எழுது. இந்தத் தடவை எண் ஒன்றும் வேண்டாம்.

யாகொதா


ட்ரியெஸ்ட்
மே 5

யாகொதா,

பிளாகோயே இனி என் ரூமுக்கு வந்தால் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன். டிரைவரா அவர், ரேடியோவா?

இதை எழுதிவிட்டு மூன்று நாள் அடுத்த வரி வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அவர் சொன்னது நிஜம். வேலையில் எல்லோரும் நல்லவர்கள்தான், ஹாய்ருதீன் நல்லவன். ஆனால் அவனுக்கு இங்கே மனைவி, மூன்று பிள்ளைகள். வேலை முடிந்தால் ஓடுகிறான். ஒரு தடவை சாப்பிடக் கூப்பிட்டான், போனேன். அவன் மகள் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து அவன் வாயில் வைத்தாள். மறுபடி கூப்பிட்டபோது வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அப்படியானால் ஊருக்குத் திரும்பி வந்து தொலைக்க வேண்டியதுதானே, எதற்கு இந்த ஊர் ஜெயிக்க வேண்டும் என்று துள்ளினாய் என்று கேட்பாய். சொல்கிறேன், சிரிக்காதே. நான் ஊருக்கு வந்து கதவைத் தட்டியதும் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "எப்ப வந்த? எப்பப் போற?" தோப்ரிலா அக்கா கேட்கிறாள். மிலுதின் கட்டிப்பிடித்தபடியே கேட்கிறான். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. போன தடவை நெவெனாவும் கேட்டாள். நீ கேட்கவில்லை, நீ காலண்டரைப் பார்த்தாய். என் சொந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, யாகொதா. அலமாரியைத் திறந்தால், "என்னப்பா வேணும், நான் எடுத்துத் தரேன்" என்று ஓடி வருகிறாள் மகள், விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரி.

அங்கே வந்தால் நான் உங்கள் வீட்டுக்கு வந்தவனாக இருப்பேன் என்று பயம். இங்கே என்றால் மூன்று பேரும் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கலாம், உப்பை எங்கே வைப்பது என்று சேர்ந்தே முடிவு செய்யலாம். அந்த ஆசையில்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹீட்டரை அணைத்தேன். வேறு ஒரு தந்திரமும் இல்லை.

ஆனாலும் விதி விதிதான். நியாயமாகக் கணக்குப் போடு. பிரோத் மலிவு என்றால் நான் வருகிறேன். பயத்தோடு வருகிறேன், ஆனால் வருகிறேன். உன்னை இழந்துவிட்டு இங்கே கப்பலுக்குப் பெயின்ட் அடித்து என்ன காணப் போகிறேன்?

உன்
ராதென்கோ


பிரோத்
மே 18

என் அன்பு ராதென்கோவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நெவெனாவை அழைத்து, "அப்பாகிட்ட எப்பப் போறீங்கன்னு கேட்டியாடி?" என்றேன். "எப்பப் போவாருன்னு தெரிஞ்சா, அது வரைக்கும் எத்தன நாள் இருக்குன்னு தெரியும்ல, அதுக்குத்தான் கேட்டேன்" என்றாள். பிறகு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, நானும் உண்மையைச் சொல்கிறேன். மார்ச்சில் நெவெனா ரூமில் நானும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பிள்ளை குல்லாயோடு தூங்கினாள். பிரோத்தில் பிறந்த இரண்டு பேரைப் பிடித்துச் செலவுக் கணக்கு எழுது என்று சொன்னால் வேறு என்ன நடக்கும்? உனக்கு உன் ஊரைக் காட்ட வேண்டும், எனக்கு என் ஊரைக் காட்ட வேண்டும். இரண்டு பேரும் அதை விட்டுவிட்டு, யார் பெரிய கஞ்சம் என்று காட்டிக்கொண்டோம்! வேறு எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் ஒரு வாரத்தில் உண்மை தெரிந்திருக்கும். மிலுதினிடம் இதைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆகவே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். மூன்று பேர், அடுப்பு எரிய, வாரம் மூன்று நாள் இறைச்சி, வருகிறவர்களுக்குக் காபி, மனுஷர்கள் வாழ்கிற மாதிரி. பிரோத்தில் ஐந்நூற்று அறுபது யூரோ. ட்ரியெஸ்டில், பிளாகோயேவின் மச்சினி அங்கே குடும்பத்தோடு இருக்கிறாளே, அவளிடம் விலையெல்லாம் கேட்டு எழுதினேன், இரண்டு ரூம் வீடு அறுநூறு என்று வைத்து, மொத்தம் ஆயிரத்து இருநூற்று நாற்பது. இரண்டு மடங்குக்கு மேலே! உன் பட்டறைச் சம்பளத்தோடு என் பண்ணைச் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் இங்கேதான் கொஞ்சம் அதிகமாக மிஞ்சுகிறது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. நீ தோற்றாய்.

இதை எழுதி முடித்த அன்று சாயங்காலம் வழக்கம்போல எல்லோரும் வந்திருந்தார்கள். தோப்ரிலா அக்கா, எதிர்வீட்டுக்காரி, உன் தம்பி, மிலுதின். உட்கார நாற்காலி போதாமல் உன் தம்பி விறகுப் பெட்டி மேல் உட்கார்ந்தான். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நான் காபி ஊற்றிக்கொண்டே பார்த்தேன். என் மலிவெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. தம்பி விறகைப் பாதி விலைக்கு வெட்டித் தருகிறான், எதிர்வீட்டுக்காரி முட்டை கொடுக்கிறாள், எனக்குக் காய்ச்சல் என்றால் அக்கா சூப்போடு வருகிறாள். என்னிடம் இவ்வளவு இருக்கிறது, ராதென்கோ. உன்னிடம் ஒன்றும் இல்லை. அப்படி இருக்கும்போது நீ ஏன் மூட்டை கட்ட வேண்டும்? கையில் இருப்பு உள்ளவரால்தான் செலவு செய்ய முடியும். நான் செலவு செய்கிறேன்.

நாங்கள் அங்கே வருகிறோம்.

சொன்னதும் ஒரே கூச்சல். "செலவு ஜாஸ்தியான ஊருக்கா போற? கணக்குத் தெரிஞ்சே போறியா? பைத்தியமாடி உனக்கு?" என்றாள் தோப்ரிலா அக்கா. "ஆமாக்கா, வாழ்க்கைல ஒரே ஒரு தடவ இருந்துட்டுப் போறேன்" என்றேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். பிறகு, "ஜூலை ஆகஸ்ட்ல நான் வந்து தங்குவேன், கடல் பாக்கணும், ஓட்டலுக்கெல்லாம் காசு தர மாட்டேன்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் மிலுதின் கதவருகே நின்று, "அவன் வர மாட்டான்னு எனக்குத் தெரியும். நீ போவேன்னு தெரியல" என்றான்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. அந்த ஊர் மொழியில் எனக்கு நன்றி சொல்ல மட்டும் தெரியும், அதையும் நெவெனா திருத்துகிறாள். அவள் மூன்று மாதமாக ரகசியமாகப் படித்திருக்கிறாள், கள்ளி! இரண்டு கட்சியிலும் கால் வைத்திருந்திருக்கிறாள். பண்ணையில் சொல்லிவிட்டேன். பள்ளி முடிந்ததும் கிளம்பலாம். ஒன்று மட்டும்: இனி ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் பொய் சொன்னால் பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன்.

உன் அன்பு
யாகொதா


ட்ரியெஸ்ட்
மே 26

யாகொதா,

உன் கடிதத்தை பஸ் நிலையத்திலேயே நின்று படித்தேன். பிளாகோயே, "என்னய்யா ஆச்சு, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். அவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்குத் தண்ணீர் கிடையாது என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

அங்கிருந்து நேராக வீடு பார்க்கப் போனேன். வேலைக்கு லீவு, அரை நாள் சம்பளம் போயிற்று. மேட்டுத் தெருவில் இரண்டாவது மாடி, இரண்டு ரூம், தனிச் சமையலறை. நெவெனாவின் பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷ நடை. பின் ஜன்னலில் துணி காயப் போடும் கயிறு எதிர்வீட்டு ஜன்னலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. அந்த வீட்டு அம்மாள் தலையை நீட்டி, யார் வருகிறார்கள் என்று கேட்டாள். என் மனைவியும் மகளும் என்று சொன்னேன். இந்த ஊரில் அந்த வாக்கியத்தை இதற்கு முன் நான் சொன்னதில்லை, ஒரு தடவை தடுமாறிவிட்டது.

வீட்டுக்காரர் மாதம் அறுநூற்று நாற்பது என்றார், உன் கணக்கைவிட நாற்பது கூட. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றார். குறைக்கத் தயாராகத்தான் நின்றார், எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அறுநூறுக்கு இறங்கியிருப்பார், இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் இன்னும் கீழே.

நான் சரி என்றேன், யாகொதா. கேட்டதை முழுசாக எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

உன்
ராதென்கோ